அரிசி டின்னில் ஒரு விண்ணப்பம்

கோமளத்துக்கு நர்ஸாக வேண்டும். பதினேழு வயதிலிருந்து அந்த ஆசை. அப்பா மைசூர் சமஸ்தானத்து உத்தியோகஸ்தர். கேட்டால் குதிப்பார் என்று முதலில் சும்மா இருந்தாள். அவர் ஒரு தடவைகூடக் குதிக்கவில்லை, ஏனென்றால் அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவர் காலமானதும் தம்பி வெங்கடகிருஷ்ணனின் கல்யாணம் முடியட்டும் என்றாள். அதுவும் முடிந்தது. அந்த வருஷமே அம்மா அலர்மேல்மங்கைக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிப் போயிற்று. அதற்கப்புறம் கோமளம் வேறு சாக்குத் தேடவே இல்லை. பொய்ச் சாக்கென்றால் யாராவது பிடித்து உலுக்குவார்கள். இது நிஜமான சாக்கு. பெங்களூரில் அவர்கள் இருந்த பசவனகுடியே அவளை மெச்சியது. மெச்ச மெச்ச அவளுக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

அம்மாவின் படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போட வாரம் இரண்டு தடவை ஞானம்மாள் வருவாள். கோலார் தங்க வயலில் பிறந்தவள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். கோமளத்தின் கைப்பக்குவத்தைப் பார்த்துவிட்டு, நர்ஸ் பயிற்சிக்கான விண்ணப்பப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அது அரிசி டின்னுக்குள் போனதோடு சரி. மறு வருஷத்துப் படிவமும் அங்கேதான் போயிற்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்துநான்கில் மூன்றாவதைக் கொடுத்தாள்.

"முப்பது தாண்டினா எடுக்கமாட்டாங்கம்மா. உங்களுக்கு இதான் கடைசி."

"அம்மா இருக்கற வரைக்கும் நான் எங்க போறது, சிஸ்டர்?" என்றாள் கோமளம், கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு. அம்மாவுக்கு நாக்குதான் விழுந்திருந்தது. காது நன்றாகவே கேட்டது.

மறுநாள் காலை கஞ்சியை மூக்குவைத்த பாலாடைக் கிண்ணத்தில் எடுத்து வாயருகே கொண்டுபோனபோது அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டாள். மத்தியானமும் அப்படியே. மூன்று நாள் கழித்து வந்து பார்த்த டாக்டர், தொண்டை நரம்பு தளர்ந்திருக்கும் என்றார். அது நரம்பில்லை என்று கோமளத்துக்குத் தெரியும். நாலாம் நாள் அழுதுகொண்டே படிவத்தை எடுத்து, அம்மாவின் கண்ணெதிரே பூர்த்தி செய்து கையெழுத்துப் போட்டாள். தபாலில் போட்டுவிட்டு வருகிறேன், குடிப்பாயா என்று கெஞ்சினாள். அம்மா சரியென்று தலையை அசைத்தாள்.

தபால்பெட்டி தெருமுனையில்தான் இருந்தது. கோமளம் வாசல்வரை போனாள். அங்கே ஏனோ பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, போட்டாயிற்று என்றாள். அம்மா அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். படிவம் அரிசி டின்னுக்குள் போயிற்று. நாளைக்குப் போட்டால் போகிறது.

அந்த ‘நாளைக்கு’ பதினோரு நாள் தள்ளிப் போயிற்று. அன்று ஞானம்மாள் கட்டைப் பிரித்துக்கொண்டே, நாளைக்குக் கடைசித் தேதியாயிற்றே, உங்க ஃபாரம் எங்க ஆஸ்பத்திரி ஆபீசுக்கு வரவில்லையே என்று வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டாள். அம்மா மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் கோமளம் தாங்கியிருப்பாள். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கோமளம் அந்த நிமிஷமே ஜட்கா வண்டி பிடித்து ஆபீசுக்குப் போய்ப் படிவத்தைக் கையில் கொடுத்து, ரசீது வாங்கிவந்து அம்மாவிடம் காட்டினாள். அம்மா திரும்பவில்லை, அன்றிலிருந்து கஞ்சிக்கு வாயும் திறக்கவில்லை. ஒரு தடவை பொய் சொன்னவள் நீட்டுகிற காகிதத்தை யார் நம்புவார்கள்? ஐந்தாம் நாள் உதடு தானாகத் திறந்தது. விழுங்கத் தெம்பில்லை, ஊற்றிய கஞ்சி கடைவாயில் வழிந்தது. எட்டாம் நாள் அம்மா போய்விட்டாள். நான்தான் கொன்றேன் என்று கோமளம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். துக்கத்தில் என்னவோ உளறுகிறாள் என்றார்கள்.

நேர்முகத் தேர்வு, அம்மா போன ஒன்பதாம் நாளில் என்று கடிதம் வந்தது. தீட்டோடு வாசற்படி இறங்கக் கூடாது, ஒரு வருஷம் கழிந்து வருஷாப்திகம் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றான் வெங்கடகிருஷ்ணன். எவ்வளவு உசத்தியான சாக்கு! கோமளம் தலையை முடிந்துகொண்டு படியிறங்கினாள். தம்பி கத்தியது தெருமுனைத் தபால்பெட்டிவரை கேட்டது.

ஆபீசில் வயதான மேட்ரன் கன்னடத்தில் பேரும் வயதும் கேட்டாள். பிறகு, நோயாளி சாப்பிடமாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டால் என்ன செய்வாய் என்று கேட்டாள்.

கோமளம் மடியிலிருந்த தன் கைகளிலிருந்து கண்ணை எடுத்து அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவங்ககிட்ட பொய் சொல்லமாட்டேன்," என்றாள் கோமளம்.