வெள்ளி நுரையீரலும் பருத்துப்போகும் பிஸ்டன்களும்

கடல் தாண்டி வரும் பிஸ்டன் எதுவும் எவெலியோவின் காருக்குள் இறங்குவதில்லை. சிலிண்டர் வாயில் வைத்ததும் ஒரு மயிரிழை பருத்துவிடும். தீவின் கரையோர ஊரான கார்தெனாஸில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ரேஷன் கடைக்கு அரிசி எப்போது வரும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. மயாமியிலிருந்து தங்கை நெரெய்தா பழைய துணிக்குள் சுற்றி அனுப்பிய பெட்டிகளின்மேல், ஐம்பத்தொன்றாம் வருட வண்டிக்குப் பொருந்தும் என்று அச்சடித்திருந்தது. மேசைமேல் வைத்து மெக்கானிக் சிரிலோ அளந்தால் அளவு சரி. உள்ளே விட்டால் பாதியில் இறுகி நிற்கும். அரம் போட்டால், தேய்த்த அளவு திரும்பவும் பருக்கும். கேஸ்கட்டோ நேர்மாறு; எஞ்சின்மேல் விரித்ததும் சுருங்கி, அதன் துளைகள் போல்ட்டுகளை விட்டு விலகிக்கொள்ளும். "அளவுல குத்தமில்லடா, குண்டச்சிக்குப் பிடிக்கல" என்றார் சிரிலோ. அந்தப் பச்சை வண்டியைத் தெருவே குண்டச்சி என்றுதான் அழைத்தது. நெரெய்தா போனில் சிரித்தாள்: "அங்க வந்தா எல்லாம் ஊதிப்போகுதா? எங்கண்ணன் ஒருத்தன்தான் இன்னும் ஒட்டடைக்குச்சி மாதிரியே இருக்கான்."

வேறு வீடாக இருந்தால் வண்டியைக் கோழிக்கூடாக்கியிருப்பார்கள். ஆனால் எவெலியோ நிமோனியாவில் கிடந்தபோது அவர் மனைவி மிக்தாலியா கோப்ரே மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள்: இவர் பிழைத்தால் இதே குண்டச்சியில் அவரையும் ஏற்றிக்கொண்டு வந்து, வெள்ளியில் நுரையீரல் செய்து உன் காலடியில் வைக்கிறேன். அவர் பிழைத்தார். அந்த வாரமே வண்டி நின்றது. தீவின் மறுகோடியிலிருக்கும் அவள் கோயிலுக்குப் பஸ்ஸில் போனாலும் மாதா ஏற்றுக்கொள்வாள் என்று பாதிரியார் சொல்லிப் பார்த்தார். "வண்டிய சொல்லித்தான் உசுரக் கேட்டேன், சாமி. இப்ப பஸ்ஸுல போய் நின்னா என்னை ஏமாத்துக்காரின்னு நெனைக்க மாட்டாளா?" என்றாள் அவள். கடன் தீர்க்காதவர்களிடம் மாதா கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வாள் என்பது ஊரறிந்தது. எவெலியோவுக்கு இருமல் மறுபடி தொடங்கியது.

வீட்டுச் சாமானை எஞ்சின் தள்ளுவதில்லை என்று தெரியவந்தது சோற்றுப் பானையால்தான். ஆத்திரத்தில் சிரிலோ அதை உருக்கி வார்த்த பிஸ்டன், வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. பிறகு வீடு கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சினுக்குள் குடிபோனது. கட்டில் குமிழ்கள் வால்வுகளுக்குப் போயின, செம்புக் கெண்டி கேஸ்கட் ஆனது, அலமாரிப் பூட்டும் கரண்டிகளும் எங்கெங்கோ போயின. மண்சட்டியில் காப்பி காய்ச்சித் தரையில் படுத்தார்கள். எவெலியோவின் இருமலில் இரத்தம் வந்த அன்று ஒரு பேரிங் மட்டும் பாக்கியிருந்தது. வீட்டில் உலோகமென்று மிஞ்சியது, கல்யாண மோதிரத்தைக் கொடுத்துச் செய்து வாங்கிய அந்த வெள்ளி நுரையீரல்தான்.

"இதையும் உருக்கிட்டா அங்க போய் எதைடி வெப்ப?"

"உருக்கலேன்னா எதுல போறது, கிழவா?"

பேரிங் ஒரே தட்டில் உட்கார்ந்தது. சாவி போடுவதற்கு முன்பே, பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்பே, குண்டச்சி மூச்சுவிடத் தொடங்கியது. எவெலியோவின் இருமல் நின்றது. கியர் போட்டார்கள், சக்கரம் அசையவில்லை. சிரிலோ எஞ்சினுக்குள் காது வைத்துக் கேட்டுவிட்டு, "இது ஓடாதுடா. மூச்சு மட்டும் விடும்" என்று சொல்லிக் கையைத் துடைத்தார். அந்த மூச்சு கேட்காத தூரத்துக்கு எவெலியோவாலும் போக முடியாது என்பது அடுத்த வாரம் தெரிந்தது. ரொட்டி வரிசையில் நீலம் பாரித்து விழுந்தவரை வண்டியருகே தூக்கி வந்த பிறகே நெஞ்சு ஏறி இறங்கியது. ஆக, பஸ்ஸும் இல்லையென்று ஆயிற்று.

இப்போது வாடைக்காற்று வந்தால் குண்டச்சிதான் இருமுகிறது. மிக்தாலியா பானட்டில் தைலம் தேய்த்துக் கம்பளி போர்த்துகிறாள். தெருவில் போகிறவர்கள் "ராத்திரி தூங்குச்சா?" என்று விசாரிக்கிறார்கள். மாதாவின் திருநாளில், செப்டம்பர் எட்டாம் தேதி, அவள் மஞ்சள் கவுன் உடுத்திக்கொண்டு வெறுங்கையோடு முன்சீட்டில் ஏறுவாள். எவெலியோ ஸ்டீயரிங்கைப் பிடிப்பார். கண்ணாடியை ஏற்றிவிட்டு இருட்டும்வரை உட்கார்ந்திருப்பார்கள். இறங்கும்போது எதிர்வீட்டு ஓதாலிஸ் எவ்வளவு தூரம் போனீர்கள் என்று கேட்பாள். முதல் வருடம் பாதி வழி, கமாகுவே வரை என்றார்கள். பிறகு அதற்கும் முன்னாலேயே வரும் சாந்தா கிளாரா. போன வருடம் பக்கத்து ஊர் கொலோன்.

இந்த வருடமும் கேட்டாள்.

"தெருமுனைகூடத் தாண்டல" என்றாள் மிக்தாலியா.

"ரோடு அப்படிக் கெடக்கு" என்று சொல்லிவிட்டு, கொடியில் கிடந்த துணி காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தபடி ஓதாலிஸ் உள்ளே போனாள்.