பக்கத்து சீட்டு பிரேக்

கார் படிக்கட்டில் இறங்கி நிற்கிறது என்று மனைவி போனில் சொன்னதும் மாஸ்டருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அந்தப் படிக்கட்டுக்கு வண்டி வருவது புதிதில்லை. மேல்தெருவிலிருந்து கடைத்தெருவுக்கு இறங்கும் அகலமான கல்படி அது. அதன் உச்சியில் சரிவாக ஒரு சந்து வந்து முடிகிறது. அந்தச் சந்தும் ஒரு ரோடுதான் என்று நம்பிக்கொண்டிருக்கும் போன் அம்மணி, வழி கேட்கிறவர்களையெல்லாம் "வலது பக்கம் திரும்பவும்" என்று தேன் ஒழுகச் சொல்லி உள்ளே அனுப்பிவிடுவாள்.

"இந்தத் தடவை எந்தப் புத்திசாலி?" என்று கேட்டார்.

"நம்ம சின்னவதாங்க."

மாஸ்டர் தன் டிரைவிங் ஸ்கூல் காரை எடுத்துக்கொண்டு விரைந்தார். சின்னவள் அவர் மனைவியின் தங்கை. ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாற்பதை நெருங்குகிற வயதில் அவரிடமே கார் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கியவள். எழுந்து நடமாட முடியாத நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. நைட் டியூட்டி கிடையாது, தலைக்கு மேல் நின்று அதட்ட ஆள் கிடையாது. ஒரே நிபந்தனை, காரைத் தானே ஓட்டிப் போக வேண்டும். வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும்.

கார் மூக்கைக் கீழே நீட்டி, முன்சக்கரங்கள் படியில் தொங்க, வயிறு தட்டி நின்றிருந்தது. யாருக்கும் அடியில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று கலைந்து போகிற கூட்டமா அது? ஆளாளுக்கு நாட்டாமை. ஒருவர் ரிவர்ஸ் போடச் சொன்னார், ஒருவர் போட்டால் போச்சு என்றார், மீதிப் பேர் படம் பிடித்தார்கள். காருக்குள்ளே அம்மணி இன்னமும் "நேராகச் செல்லவும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

படிக்கட்டின் அடியில் சலூன் வைத்திருப்பவர் சீப்பும் கையுமாக மேலே ஏறி வந்தார்.

"வாங்க மாஸ்டர். போன மாசம் ஒரு டாக்ஸி. அதுக்கு முன்னாடி ஒரு பால் வேன். கண்ணாடியில தன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கிற ஆளு, பின்னாடி கார் இறங்கி வர்றதைப் பார்த்தா பாதி ஷேவிங்ல எழுந்து ஓடுறான்." பிறகு காரின் பின்கண்ணாடியைக் காட்டிச் சிரித்தார். "இன்னொரு வேடிக்கை தெரியுமா? வந்ததுல பாதிக்கு மேல உங்க மஞ்சள் ஸ்டிக்கர்தான்."

டெஸ்டில் பாஸ் ஆகிறவர்களுக்கு மாஸ்டர் தன் கையாலேயே ஒட்டிவிடுகிற ஸ்டிக்கர் அது. சலூன்காரர் என்னவோ விளையாட்டாகத்தான் சொன்னார். மாஸ்டர் அந்த ஸ்டிக்கரைப் பார்க்காமல் காரின் முன்பக்கம் போனார்.

சின்னவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள்.

"காலை எடுத்தா போயிடும் அத்தான்."

"போகாதும்மா. அடி தட்டி நிக்குது. ஹேண்ட் பிரேக்கும் போட்டாச்சு. இறங்கு."

"நான் படியைப் பார்த்தேன் அத்தான்."

"சரிம்மா."

"சும்மா சரின்னு சொல்லாதீங்க. நிஜமா பார்த்தேன். போன் போகச் சொல்லிச்சு, ஆனா படின்னு தெரிஞ்ச உடனே பிரேக்கை மிதிச்சேன். எப்பவும் மிதிக்கிற மாதிரியேதான் மிதிச்சேன். உங்க வண்டியில தொட்டாலே நிக்குமே. இது நிக்கலை."

மாஸ்டர் அவள் கண்ணைப் பார்க்காமல் கதவைத் திறந்துவிட்டார்.

அதற்குள் அவள் புருஷன் வந்து சேர்ந்தார். மாஸ்டருக்குச் சகலை. சந்து முனையில் அவர் நிறுத்திய காரின் முன் பம்பர் கறுப்பு டேப்பின் தயவில் உயிர் வாழ்கிறது. முன்னால் போகிறவர்கள் எல்லாரும் அவர்மேல் உள்ள வஞ்சத்தில் திடீர் திடீரென்று நின்றுவிடுகிறார்களாம். அந்தக் காரின் பின்கண்ணாடியிலும் அதே ஸ்டிக்கர், வெயிலில் வெளுத்துப் போய்.

"போன் சொன்னா கிணத்துல கூட இறங்குவியா? கண்ணு எங்க போச்சு?" என்றார், கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரி.

"பார்த்தேங்க. பிரேக்தான் பிடிக்கலை."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

கூட்டம் சிரித்தது. கூட்டத்தோடு சேர்ந்து மாஸ்டரும் லேசாகச் சிரித்துவைத்தார். சின்னவள் அதைப் பார்த்தாள்.

மறுநாள் மெக்கானிக் காரைப் பார்த்துவிட்டு, பிரேக் கல்லு மாதிரி இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் சின்னவள் அக்கா வீட்டுக்கு வந்தாள். சோபாவின் ஓரத்தில், விருந்தாளி மாதிரி உட்கார்ந்தாள்.

"பிரேக் நல்லாத்தான் இருக்காம் அக்கா. அப்போ நான் மிதிக்கவே இல்ல போல. மிதிச்சதா நினைச்சிருக்கேன். படியைக்கூடப் பார்க்கலையோ என்னமோ. நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போய், ஊசியைப் போட்டதா நினைச்சுப் போடாம வந்துட்டா? என் மேலயே எனக்கு நம்பிக்கை போச்சு. வேலைக்கு வரலைன்னு சொல்லிடப் போறேன்."

"என்னங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்," என்றாள் மாஸ்டரின் மனைவி.

அதுதான் நேரம். மாஸ்டருக்கும் அது தெரியும். வாயைத் திறந்தார்.

"பதட்டத்துல எல்லாருக்கும் நடக்கிறதுதாம்மா," என்றார்.

"அப்போ பார்த்தது, மிதிச்சது எல்லாமே வெறும் பதட்டம்தானா அத்தான்?"

"இருக்கும்மா."

அவள் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனாள். மாஸ்டருக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

விஷயம் இதுதான். கார் கற்றுக்கொடுக்கிற வண்டியில் மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அவர் அதை மிதித்தால் பஸ்ஸர் கத்தும். நிறுத்தியது மாஸ்டர் என்று ஓட்டுகிறவருக்கும் தெரிய வேண்டும், டெஸ்டின்போது பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிற அதிகாரிக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு. தொழிலுக்கு வந்த புதிதில், அந்தச் சத்தத்துக்கு மிரண்டு ஒரு பெண் ஸ்டியரிங்கையே விட்டுவிட்டு அழுதாள். பயந்து வருகிறவர்களை மேலும் பயமுறுத்துவானேன் என்று மாஸ்டர் அன்றைக்கே வயரைக் கழற்றினார். கழற்றியது இரக்கத்தில்தான். திரும்ப மாட்டாததற்கு இரக்கம் காரணமில்லை.

கற்க வருகிறவர்கள் தங்கள் பிரேக்கை லேசாகத் தொடுவார்கள். இவர் தன் பக்கத்துப் பிரேக்கைப் பூப்போல் அழுத்துவார். வண்டி அலுங்காமல் நிற்கும், ஓட்டுகிறவர் முகம் மலரும். பூக்கால் மாஸ்டர் என்று ஊரில் பேர் வந்தது. அவரிடம் போனால் பயமே தெரியாது, போனவர்கள் ஃபெயிலே ஆவதில்லை என்றார்கள். அந்தப் பேர் இனித்தது. நாளாக நாளாக அவரைக் கேட்காமலே கால் போக ஆரம்பித்தது. டெஸ்டிலும் போயிற்று. பஸ்ஸர் வாயை மூடிக்கொண்டிருக்க, அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். மாஸ்டர் இத்தனை காலம் அதை மறைத்ததோடு நிற்கவில்லை, அதற்குப் பாராட்டும் வாங்கிக்கொண்டிருந்தார். வெளியே சொன்னால் ஸ்கூலைப் பூட்ட வேண்டியதுதான். சொல்லாவிட்டால் கண்ணால் பார்த்ததையே பார்க்கவில்லை என்று நம்பிக்கொண்டு ஒரு நர்ஸ் வீட்டில் உட்கார்ந்திருப்பாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சொல்வது சரிதான். ஆனால் மாஸ்டருக்கு அன்றைக்குக் குறுகுறுத்தது கால்தான்.

சனிக்கிழமை காலை டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து, ஒட்டடை படிந்த அந்த வயரைத் தேடி மாட்டினார். பிறகு சின்னவள் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"ஒரே ஒரு ரவுண்டு வாம்மா. அப்புறம் வேலைக்குப் போறதும் போகாததும் உன் இஷ்டம்."

வாயால் சொல்லத் துணிவில்லாத மனுஷர் வசதியாக ஒரு திட்டம் வைத்திருந்தார். தன் காலைப் பின்னால் இழுத்து வைத்துக்கொள்வது. ஆளில்லாத ரோட்டில் அவள் வழக்கம்போல் லேசாகத் தொடுவாள், வண்டி நிற்காது, அவளுக்கே விளங்கிவிடும். அவசரம் என்றால் மட்டும் மிதித்துக்கொள்ளலாம்.

முதல் திருப்பத்தில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். சின்னவள் பிரேக்கைத் தொட்டாள். வண்டி அலுங்காமல் நின்றது.

கீ... என்று பஸ்ஸர் கத்தியது.

"என்ன சத்தம் அத்தான்?"

"ஒண்ணுமில்ல. நீ போ," என்றார் மாஸ்டர். தன் கால் பின்னால்தான் இருக்கிறது என்று அந்த நிமிஷம் வரை அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை. கீ. பேக்கரி முன்னால் ஒரு வேன் பின்னுக்கு வந்தது. கீ. மாஸ்டர் காலை இறுக்கிப் பிடித்துப் பார்த்தார். அது அவர் பேச்சைக் கேட்கவில்லை.

"நான் பிரேக்கைத் தொடும்போதெல்லாம் கத்துதே," என்றாள் சின்னவள். அடுத்த தடவை கத்தியபோது அவள் குனிந்து பார்த்தாள். பார்க்கக் கூடாததைப் பார்த்தவள் மாதிரி சட்டென்று நிமிர்ந்தாள். ஓரமாக நிறுத்தினாள். அப்போதும் கத்தியது.

"அந்தப் பிரேக் அவசரத்துக்குன்னு சொன்னீங்க."

"ஆமா."

"எவ்வளவு நாளா மிதிக்கிறீங்க?"

"முதல் நாள்ல இருந்து."

"டெஸ்ட்ல?"

"டெஸ்ட்லயும்."

சின்னவள் அழவில்லை. அழுதிருந்தால் மாஸ்டருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அப்போ நான் படியைப் பார்த்தது நிஜம். மிதிச்சதும் நிஜம்."

"ரெண்டும் நிஜம்மா."

"நேத்து பதட்டம்னு சொன்னீங்க. என் அக்கா முன்னாடி, என் முகத்தைப் பார்த்து."

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"படிக்கட்டுல அவர் சொன்னதுக்குச் சிரிச்சீங்க."

"மன்னிச்சிடும்மா."

"அது அப்புறம். முதல்ல செருப்பைக் கழட்டிட்டுக் காலை மடக்கி சீட்டு மேல வைங்க."

மாஸ்டர் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அத்தனை வருஷத்தில் அந்த சீட்டில் அவர் அப்படி உட்கார்ந்ததே இல்லை. முதல் முனையில் வண்டி கோட்டைத் தாண்டிப் போய் நின்றது, பின்னால் வந்தவர் ஹார்ன் அடித்துத் திட்டினார். அடுத்த முனையில் அவள் ஓங்கி மிதித்தாள். பெல்ட் மாஸ்டரின் நெஞ்சை அறைந்தது.

"இது யார் கால்?"

"உன் கால்தாம்மா."

ஊரை ஒரு சுற்று சுற்றினார்கள். குலுங்கிக் குலுங்கி நின்ற வண்டி, கொஞ்சம் கொஞ்சமாக அவள் நினைத்த இடத்தில் நிற்கத் தொடங்கியது. பஸ்ஸர் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. கடைசியில் படிக்கட்டுச் சந்தின் முனையில், ஓரமாக, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி நிறுத்தி இன்ஜினை அணைத்தாள்.

"திங்கட்கிழமை நான் வேலையில சேர்றேன். நாளைக்கும் வாங்க, காலை மடக்கிக்கிட்டு. இப்போ உங்க சகலைக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

மாஸ்டர் போட்டார்.

"சொல்லுங்க சகலை. எங்க வீட்டு அம்மணி இன்னிக்கு எந்தப் படியில?" என்று சிரித்தது போன்.

"அவ மேல தப்பே இல்ல சகலை. படியைப் பார்த்தா, பிரேக்கையும் மிதிச்சா. எவ்வளவு மிதிக்கணும்னு நான்தான் கத்துக் கொடுக்கலை. கத்துக்கிட்ட காலம் பூரா வண்டியை நிறுத்தினது என் கால். பஸ்ஸர் வயரைக் கழட்டி வெச்சிருந்தேன்."

மறுமுனையில் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

"சகலை, எனக்கும் நீங்கதானே கத்துக் கொடுத்தீங்க?"

"ஆமா."

"அப்போ என் பம்பர்..."

"ஆமா சகலை."

"நான் இப்போ வண்டியிலதான் இருக்கேன்." அந்தக் குரலில் கேலி சுத்தமாக வடிந்திருந்தது. "இறக்கத்துல வர்றேன். கீழே சிவப்பு விழுந்திருக்கு. முன்னாடி ஆளுங்க கடக்கிறாங்க."

சின்னவள் போன் பக்கம் குனிந்தாள். "பயப்படாதீங்க. தொட்டுப் பார்க்காதீங்க. அழுத்தி மிதிங்க. இன்னும் அழுத்தி."

கீ... என்று பஸ்ஸர் கத்தியது. மடக்கிவைத்த கால் எப்போது இறங்கியது என்று மாஸ்டருக்குத் தெரியாது. ஓரமாக, அணைந்து நின்றிருந்த காரில், எங்கோ ஓர் இறக்கத்தில் உருண்டுகொண்டிருக்கும் இன்னொரு காரை நிறுத்த அவர் பல்லைக் கடித்து மிதித்துக்கொண்டிருந்தார்.

"நின்னுடுச்சு," என்றது போன், மூச்சு வாங்க.

பஸ்ஸர் நிற்கவில்லை. போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். படிக்கட்டின் அடியிலிருந்து சலூன்காரர் எட்டிப் பார்த்தார்.

"அவர் நின்னுட்டாரு அத்தான்," என்றாள் சின்னவள். "காலை எடுங்க."

மாஸ்டர் எடுக்கவில்லை. அவரிடம் கற்ற மற்றவர்கள் எல்லாரும் இன்னும் ரோட்டில்தான் இருந்தார்கள்.