ஏழாம் கிணறு

"முழுசாத் திறந்துடுப்பா" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டுப் பெரிய அதிகாரி இருமினார். இருமல் அடங்கும்வரை எண்ணெய் வயலின் மேற்பார்வையாளன் காத்திருந்தான். கன்டெய்னர் பெட்டியை வெட்டிச் செய்த அலுவலகத்தில் ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் சட்டை முதுகோடு ஒட்டியது.

"ஏழாம் கிணத்தையா சார்? அது தாங்காது. உங்களுக்கே தெரியும்."

"தெரியாமலா போன் பண்றேன்? கப்பல் காலியா நிக்குது. அதை நிரப்பி அனுப்பினாத்தான் கஜானாவுல ஏதாவது விழும். மேலிடத்துல என் கழுத்தைப் பிடிக்கிறாங்க, நான் உன் கழுத்தைப் பிடிக்கிறேன். காலையில பதில் சொல்லு."

நாடே அந்த எண்ணெய் வயலை நம்பித்தான் உலை வைத்துக்கொண்டிருந்தது. மற்ற கிணறுகள் ஒவ்வொன்றாகக் கையை விரித்துவிட, ஏழாவதும் பன்னிரண்டாவதும்தான் மிச்சம்; அதிலும் ஏழாவது நல்ல பிள்ளையாக, அளவாகக் கொடுத்துவந்தது. பூமிக்கடியில் எண்ணெய்க்குக் கீழே தண்ணீர் கிடக்கிறது. பையப்பைய எடுத்தால் அது பாட்டுக்குக் கிடக்கும். ஆசைப்பட்டு இழுத்தால் எண்ணெயை முந்திக்கொண்டு மேலே ஏறிவரும். ஒருமுறை வழி கண்டுவிட்டால் எந்த வால்வை மூடினாலும் இறங்காது. முன்பிருந்த அதிகாரிகளோடு மல்லுக்கட்டித்தான் அந்தக் கிணற்றை அவன் இதுவரை காப்பாற்றி வைத்திருந்தான். இப்படியே விட்டால் இன்னும் சில வருஷங்களுக்குக் குறையில்லாமல் ஓடும்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அரசு ஆஸ்பத்திரியில், பிறந்த குழந்தைகள் வார்டில் அவள் நர்ஸ்.

"ஆக்ஸிஜன் வண்டியைப் பாதி வழியிலயே கம்பெனிக்காரங்க திருப்பிட்டாங்க. அரசாங்கம் பழைய பாக்கியைத் தீர்க்கட்டும், அப்புறம் பாக்கலாம்னுட்டாங்களாம். ஒரே சிலிண்டர்ல ரெண்டு குழந்தைக்கு டியூப் பிரிச்சு வச்சிருக்கோம். எதுக்கு எவ்வளவு போகுதுன்னு உதட்டோட நிறத்தைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கறோம்."

அவன் தண்ணீர் மொண்டு கொடுத்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவளிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லாததால் அதிகாரி பேசியதைச் சொல்லிவிட்டான்.

தம்ளர் அவள் உதட்டருகே நின்றது. "திறந்தா வண்டி வருமா?"

"வரும். கொஞ்ச நாளைக்கு. அப்புறம் அந்தக் கிணறே இருக்காது."

"கொஞ்ச நாள்னா எத்தனை குழந்தைன்னு யோசிச்சீங்களா?"

"அடுத்த வருஷமும் குழந்தைங்க பொறக்கும்லம்மா. அதுங்களுக்கு எங்க போறது?"

"அதுங்க இன்னும் என் கையில இல்லீங்க" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவனும் பதிலுக்கு உயர்த்தியிருப்பான். எழுந்து பாத்திரங்களைத் துலக்க ஆரம்பித்தாள். இரவு படுக்கையில் இருவரும் முதுகு காட்டிக்கொண்டு கிடந்தார்கள். அவள் தூங்கவில்லை என்று அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

விடிந்ததும் ஏழாம் கிணற்றுக்குப் போனான். அங்கே வேலைபார்த்த ஆபரேட்டரை எல்லோரும் மீசை என்றுதான் கூப்பிடுவார்கள். விஷயத்தைக் கேட்டதும் மீசை கையுறையைக் கழற்றிவிட்டார்.

"நான் தொட மாட்டேன் சார். பெத்த பிள்ளை வாயில மண்ணை அள்ளிப் போடுற மாதிரி."

"நீங்க தொட வேண்டாம், தள்ளி நில்லுங்க" என்று அவனே சக்கரத்தைப் பிடித்தான். முதல் சுற்றுக்கு இரும்பு முரண்டுபிடித்தது. அடுத்த சுற்றிலிருந்து லேசாகச் சுழன்றது. குழாய்க்குள் சீறல் கனத்து, காலடியில் தரை அதிர்ந்தது. அழுத்தமானியின் முள் சரசரவென்று இறங்கியது. எவ்வளவு எளிதாக முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

கப்பல் நிரம்பிப் போனது. உற்பத்தி தலைநிமிர்ந்துவிட்டதாக டிவியில் அமைச்சர் சிரித்தார். ஆஸ்பத்திரிக்கு வண்டி வந்தது. ஒருநாள் மனைவி வாசலிலேயே நின்று, "நீலம் பாரிச்சுக் கிடந்த குழந்தை இன்னைக்கு வீட்டுக்குப் போயிடுச்சுங்க" என்று சொல்லி அழுதாள். அவள் அப்படி அழுது அவன் பார்த்ததில்லை.

அடுத்த மாதம் பிறக்கும் முன்பே மீசை ஏழாம் கிணற்றிலிருந்து சோதனைக்குப் பிடித்த பாட்டிலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பாட்டிலின் கழுத்தில் மட்டும் விரலகலத்துக்குக் கறுப்பு. அதற்குக் கீழே அடிவரை கலங்கிய உப்புத் தண்ணீர்.

அன்று வீட்டில் அவன் முகத்தைப் பார்த்ததுமே அவள் கேட்டாள். "போச்சா?"

"போச்சு."

பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் சொன்னதுக்காகத்தான் திறந்தீங்களா?" என்றாள்.

அவன் யோசித்துப் பார்த்தான். இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால் அதைவிடப் பெரிய பாவம். "தெரியலம்மா" என்றான். அவள் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் பெரிய அதிகாரி கூப்பிட்டார். தண்ணீர் ஏறிவிட்ட கதையைக் கடைசிவரை கேட்டுக்கொண்டார். திட்டவில்லை. இருமினார்.

"சரிப்பா. பன்னெண்டாம் கிணறு எப்படி இருக்கு?"

போனை வைத்துவிட்டு வெளியே வந்தான். ஏழாம் கிணற்றிலிருந்து பிரிந்த தண்ணீர் வேலியோரப் பள்ளத்துக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. மேலே மிதந்த எண்ணெய்ப் படலம் வெயிலில் பச்சையும் ஊதாவுமாக நெளிந்தது. எங்கிருந்தோ வந்த ஒரு நாய் பள்ளத்தின் விளிம்பில் முன்கால்களை ஊன்றிக் குனிந்து மோந்து பார்த்தது. நாக்கை நீட்டவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை.