இரண்டாவது மாத்திரை

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை, திருடி எழுதுகிறேன். ஒரே வாரத்தில் இரண்டு பேர் தனித்தனியாக என்னிடம் வந்து மனசில் இருந்ததைக் கொட்டினார்கள். இருவருமே யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள். கதை எழுதுகிறவளிடம் ரகசியத்தைக் கொடுத்துவிட்டு இப்படிக் கேட்டால் நான் என்ன செய்ய? ஒருத்தி என் தங்கை. மற்றவர் அவள் கணவர். இருவரும் மறைப்பது ஒருவரிடமிருந்து ஒருவர் என்பதுதான் சிக்கல்.

முதல் வரி முதலில் இப்படி இருந்தது: "அவள் ரத்தத்தில் இரும்பு பாடியது." அடித்துவிட்டேன். ரத்தமாவது, பாடுவதாவது.

இரண்டாவது முயற்சி: "ஆறாம் மாதத்தில், சர்க்கரை வந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் அவள்..."

[அவள் ஒன்றும் செய்யவில்லை. தலையாட்டினாள், சீட்டை மடித்துப் பையில் வைத்தாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்குத்தான் அழுகை வந்தது.]

2

தங்கைக்கு வேலை மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில். கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இரும்பு, துத்தநாகம், செலினியம், நிக்கல் எல்லாம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பாள். பிறகு அவர்களில் யாருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வருகிறது, யாருக்கு வரவில்லை என்று பார்ப்பார்கள். வருஷக்கணக்காக நடக்கும் ஆய்வு. அந்த அறைக்குள் மோதிரம் கூடாது, முகத்தில் பவுடர் கூடாது. குழாய்களை ஒரு நாள் முழுக்க அமிலத்தில் ஊறவைத்து அலசி எடுப்பாள். அங்கே அவளுக்குக் கழுவல் ராணி என்று பட்டப்பெயர். வீட்டுக்கு வந்தாலும் என் டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மறுபடி கழுவுவாள். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

இயந்திரம் ஒழுங்காக அளக்கிறதா என்று தினமும் காலையில் ஒரு சோதனை உண்டு. அளவு தெரிந்த ஒரு ரத்தத்தைக் கொடுத்தால் அதே எண்ணைச் சொல்ல வேண்டும். அதற்கென்று வெளியிலிருந்து வரவேண்டிய ரத்த மாதிரி வந்து சேரவில்லை. காத்திருப்பானேன் என்று இவள் தன் ரத்தத்தையே எடுத்து வைத்தாள். அப்போது அவளுக்கு இரண்டு மாதம். மாதம் ஒரு முறை புதிதாக எடுப்பாள், பழைய எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பாள்.

ஒத்துப்போகவில்லை. மாதா மாதம் இரும்பு மட்டும் ஏறியது.

இவள் என்ன செய்தாள் தெரியுமா? இயந்திரத்தைச் சந்தேகப்பட்டாள். குழாய்களை மறுபடி ஊறவைத்தாள். தண்ணீரை மாற்றினாள். பழுது பார்ப்பவரை வரவழைத்து அவரிடம் சண்டைகூடப் போட்டாள். ஊரார் ரத்தத்தையெல்லாம் சந்தேகத்தோடு பார்க்கிறவளுக்குத் தன் ரத்தத்தின் மேல் ஒரு சந்தேகமும் வரவில்லை.

சர்க்கரை என்று தெரிந்த பிறகுதான் பழைய தாள்களைப் புரட்டினாள். மருத்துவமனை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாள்.

"இரும்பு ஏறினா சர்க்கரை வரலாம்னு தெரிஞ்சவ நான். நாலு மாசமா என் கண்ணு முன்னாடியே ஏறிட்டு இருந்துச்சுக்கா. மிஷினைத் துடைச்சிட்டு இருந்தேன். அவருக்குத் தெரிஞ்சா என்னை மன்னிக்கவே மாட்டாரு."

3

இந்தப் பாத்திரத்தில்தான் நான் சறுக்கினேன். முதல் வரைவில் தங்கை கணவரை வில்லனாக்கியிருந்தேன். கர்ப்பிணிக் கதையில் கணவனை வில்லனாக்குவது எழுத்தாளருக்கு ரொம்ப வசதி, பாதி வேலை மிச்சம். மூன்று பக்கம் எழுதிக் கிழித்தேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் நின்றுபோனபோது அவர்தான் வந்தார். மாடியில் மோட்டார் அறைக்கு டீ எடுத்துக்கொண்டு போனேன். கை நிறைய கிரீஸோடு நின்றபடி, டீயைத் தொடாமல் பேசினார்.

இதற்கு முன் ஒரு கர்ப்பம் நான்காம் மாதத்தில் கலைந்திருந்தது. அன்று மருத்துவமனை வராந்தாவில் யாரோ போகிற போக்கில் ரத்தம் கம்மி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வார்த்தை அவருக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

"ஒரு கயிறே லிஃப்ட்டைத் தாங்கும்க்கா. ஆனா நாங்க அஞ்சு போடுவோம். எனக்கு அந்தப் புத்திதான். டாக்டர் எழுதினது ஒரு இரும்பு மாத்திரை. நான் கடையில இன்னொண்ணு வாங்கி, வைட்டமின்னு சொல்லி தினமும் சேர்த்துக் குடுத்தேன். நம்பி முழுங்குனா."

இப்போது அவளுடைய ஆய்வுக்கூடத்துத் துண்டுப்பிரசுரத்தைப் படித்திருக்கிறார். இரும்பு அதிகமானால் சர்க்கரை வரும் அபாயமும் கூடலாம் என்று அதில் ஒரு வரி.

"என்னாலதானேக்கா?"

மோட்டார் சூடாக இருக்கிறது, கையை எடுங்கள் தம்பி என்றேன். அவ்வளவுதான் என் தைரியம்.

4

(இடையில் ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு யாரும் டாக்டர் எழுதிக்கொடுத்த இரும்பு மாத்திரையைத் தூக்கிப் போடவேண்டாம். ரத்தசோகையும் விளையாட்டில்லை. பாவம் எனக்கு வந்து சேரும்.)

டாக்டரிடம் போனேன். என் கதையில் ஒரு பெண் என்று ஆரம்பித்தேன். எந்தப் பெண் என்று அவருக்கு உடனே புரிந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை.

"சில ஆய்வுல அப்படி வருது, சிலதுல வரல. ரெண்டும் சேர்ந்து இருக்குங்கிறதுக்காக ஒண்ணாலதான் இன்னொண்ணுன்னு ஆயிடாது. கூடுதலா ஒரு மாத்திரை தொடாதவங்களுக்கும் வருது. இவங்களுக்கு எதனாலன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. குழந்தை இப்ப நல்லா இருக்கு. இனிமே நடக்கிறதுதான் முக்கியம்."

நடப்பது என்னவென்று நான் போய்ப் பார்த்தேன். நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். தங்கையோ இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டை மூடுகிறாள். தனக்குத் தானே தண்டனை. அவள் கணவர் பயத்தில் வீட்டிலிருந்த மாத்திரையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டார், டாக்டர் கொடுத்ததையும் சேர்த்து. காலையில் மாத்திரையோடு வரும் மனிதர் வராததால் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, அதான் கோபம் என்று இவள் நினைக்கிறாள். இவள் சாப்பிடாததால் இவளுக்குத் தெரிந்துவிட்டது, அதான் வெறுப்பு என்று அவர் நினைக்கிறார். நடுவில் ஒரு குழந்தை பட்டினி கிடக்கிறது. எனக்கு இருவரையும் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது.

5

முடிவு அ: மூன்று கிலோவில் குழந்தை பிறக்கிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். [இன்னும் பதினோரு வாரம் இருக்கிறது. நான் என்ன ஜோசியக்காரியா?]

முடிவு ஆ: ஆய்வு முடிந்து அறிக்கை வருகிறது, இரும்புக்கும் சர்க்கரைக்கும் தொடர்பே இல்லை என்று... [இல்லை. அவர்களை மன்னிக்க ஓர் அறிக்கை எதற்கு?]

முடிவு இ: அக்கா இருவரையும் உட்காரவைத்து வாயால் சொல்கிறாள். [அக்காவுக்கு வாய் வராது. மோட்டார் அறையிலேயே பார்த்தோம்.]

6

அதனால் எழுதியதையே எடுத்துக்கொண்டு இன்று காலை அவர்கள் வீட்டுக்கு வந்தேன். அவர் எழுதிய இரண்டாம் பகுதியை

[தப்பு. நான் எழுதிய.]

தங்கையின் ரகசியம் இருக்கும் இரண்டாம் பகுதியை அவரிடம் கொடுத்தேன். அவருடைய மூன்றாம் பகுதியை அவளிடம் கொடுத்தேன். நான்காம் பகுதியை இருவருக்கும் எட்டும்படி மேசை நடுவில் வைத்தேன். கதை எப்படி இருக்கிறதென்று பார்த்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் வந்துவிட்டேன். கொடுத்த வாக்கு இரண்டும் போயிற்று. போகட்டும்.

இந்தப் பகுதியை அடுக்களையில் நின்றுகொண்டு ஒரு சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அடுப்பில் அவளுடைய பத்துமணிச் சாப்பாடு சூடாகிறது. வெளியே காகிதம் புரளும் சத்தம் நின்றுவிட்டது. நாற்காலி ஒன்று நகர்ந்தது. யாருடையது என்று தெரியவில்லை.

நான் எட்டிப் பார்க்கப் போவதில்லை. யார் முதலில் பேசினார்கள், யார் அழுதார்கள் என்று எழுதினால் அதையும் நான் திருடியதாகிவிடும். இத்தனை பக்கம் என் கூடவே படித்து வந்துவிட்டீர்கள், நீங்கள் போங்கள். இந்தாருங்கள் தட்டு. பிடித்துக்கொள்ளுங்கள், சூடு.

நீங்கள் அங்கே போனதும் இருவரும் உங்களைத்தான் பார்ப்பார்கள். இருவருக்கும் கேட்க ஒரே கேள்விதான் இருக்கிறது: என்னாலயா? என்ன பதில் சொல்வீர்களோ, அது உங்கள் பாடு. அவசரமில்லை. முதலில் அவளைச் சாப்பிடச் சொல்லுங்கள்.