முன்னால் போகும் சக்கரம்

ஊரில் எல்லோரும் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பலையும் அவர் கண்டதில்லை, பட்டாளத்தையும் கண்டதில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்களைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு, பழைய சாலை வழியாக ஊர் ஊராகக் காட்டிவிட்டுத் திரும்புவதுதான் அவர் பிழைப்பு. வரிசையின் முதல் சக்கரம் அவருடையது. கடைசிச் சக்கரம் அவர் மனைவியுடையது. மூச்சு வாங்கிப் பின்தங்குகிறவர், முட்டியைச் சிராய்த்துக்கொண்டவர், புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு பாதி வழியில் உட்கார்ந்துவிட்டவள், எல்லோரையும் தேற்றி, தட்டிக்கொடுத்து, கொண்டுவந்து சேர்ப்பது அவள் வேலை. அதனால் அவளுக்கு வால் என்று பெயர் விழுந்தது. வாலம்மா என்று மரியாதை சேர்த்துக் கூப்பிட்டாலும் வால் வால்தானே. அவள் அதற்காக முகம் சுளித்ததில்லை.

அந்தச் சாலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மலைக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலை போட்டதும் லாரியும் காரும் அங்கே போய்விட்டன. பழைய சாலையின் இரண்டு முனையிலும் இரும்புக் கம்பங்களை நட்டு, இனி இது சைக்கிளுக்கு மட்டும் என்று விட்டுவிட்டார்கள். உதறிப் போட்ட போர்வை மாதிரி ஏறி இறங்கும் வயல்வெளி. நடுவில் கல்வாசல் வைத்த ஒரு பழைய ஊர். அங்கே கோட்டைச் சுவர் பாதி இடிந்து கிடக்கும், மீதிச் சுவரில் வீடுகள் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். அதையும் தாண்டினால் மணிக்கூண்டு ஊர். அதற்கப்பால் ஓர் இறக்கம். இறக்கத்தின் அடியில் கம்பங்கள், கம்பங்களுக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலை. ஹாரன் சத்தம் இல்லாத சாலை என்பதால் காது கூர்மையாகிவிடும். முன்னால் போகிறவர் மிதிக்கிறாரா, மிதிக்காமல் உருள விடுகிறாரா என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

கேப்டனுக்கு மறதி வந்தது அந்தக் கல்வாசலுக்கு அடியில்தான். கூட்டம் கழுத்தை நிமிர்த்திக் காத்திருந்தது. அவர் வாயைத் திறந்தார், மூடினார். வாசலைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். வால் பின்னாலிருந்து எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்து, அவர் சொல்கிற கதையை அவர் சொல்கிற மாதிரியே சொல்லி முடித்தாள். கூட்டம் அதை வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டியது. பிறகு ஊர்ப் பெயர்கள் போயின. மகளின் பெயர் போனது. வீட்டுக்குள்ளேயே குளியலறையைத் தேடி ஒவ்வொரு கதவாகத் திறந்து, சமையலறையில் வந்து நின்றுகொண்டு அசடு வழிவார். 

ஆனால் சைக்கிள் சீட்டில் ஏற்றி உட்கார வைத்தால் போதும், மனிதர் பழைய கேப்டன். ஏற்றம் வருமுன்னே கியர் மாறும். வளைவு வருமுன்னே வேகம் குறையும். ரோட்டில் பள்ளம் இருந்தால், பின்னால் வருகிறவருக்காக இடது கை இடுப்புக்குக் கீழே போய் விரலால் காட்டும். பேரும் முகமும் முதலில் போகும், உடம்பு பழகியது கடைசியில்தான் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் கடைசியை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வாரத்தில் பாதி நாள் காலையில் அவரைக் கிளப்பிக்கொண்டு போவாள். வழி ஒன்றுதான், பிரிவு கிடையாது. அவர் முன்னால், அவள் பின்னால். திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு குரல் கொடுத்தால் திரும்பிவிடுவார்.

மகள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போட வரும்போதெல்லாம் இதே பேச்சுத்தான்.

"அப்பாவுக்குத்தான் ஞாபகம் இல்ல. உனக்குப் புத்தியுமா இல்ல?"

"வீட்டுல இருக்கறது யாருன்னே எனக்குத் தெரியலடி. யாரோ வந்து தங்கியிருக்கற மாதிரி இருக்கு. ரோட்டுல போனாத்தான் உங்கப்பா இருக்காரு."

மகள் மாத்திரை டப்பாவை மூடினாள். பிறகு, ஒரு தடவை ஏதாவது ஆனால் போதும், வந்து அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவேன், அப்புறம் அழக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா சரி என்றாள். சரி என்று சொல்லாவிட்டால் அன்றைக்கே எடுத்துப் போயிருப்பாள்.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். சைக்கிளில் கூட்டமாகப் போகிறவர்கள் ஒருவர் பின்சக்கரத்தை இன்னொருவர் ஒட்டி ஓட்டுவார்கள். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுப்பார், பின்னால் வருகிறவருக்குப் பாதி உழைப்பு மிச்சம். இது பழகிவிட்டால் கண் முன்னால் போகும் சக்கரத்தை விட்டு நகராது. அது போகிற பக்கம் உடம்பு போகும். மனதைக் கேட்காது. கேப்டன் வாழ்நாளெல்லாம் முதல் ஆளாகவே போனவர் என்பதால், அவரும் ஒரு சக்கரத்தின் பின்னால் போவார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. முதல் ஆள் தான்தான் என்பதையும் அவர் மறந்திருப்பார் என்பதை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் போனாள்.

அன்று கல்வாசல் ஊரைத் தாண்டியதும் அவளுடைய செயின் கழன்றது. "என்னங்க, நில்லுங்க" என்றாள். நின்றார். ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில், சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளை மாதிரி. அவள் குனிந்து கையெல்லாம் கிரீஸாகச் செயினைப் பல்லில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, மஞ்சள் சட்டை போட்ட இளசுகள் கூட்டமாக மணியடித்து, வணக்கம் சொல்லிக்கொண்டு கடந்து போனார்கள். நிமிர்ந்து பார்த்தால், கடைசி மஞ்சள் சட்டைக்குப் பின்னால் கேப்டனின் முதுகு.

என்ன முதுகு அது. குனிந்து, அசங்காமல், முன்னால் போகும் சக்கரத்துக்கு ஒரு சாண் இடம் விட்டு. அவள் அதைப் பார்த்து ஒரு நிமிடம் பூரித்துப்போனாள். என் வீட்டுக்காரர் இந்த வயதிலும் எப்படி ஓட்டுகிறார் என்று பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகுதான், அவர் தன்னை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார் என்பது உறைத்தது.

கத்தினாள். எதிர்க்காற்றில் அது அவளிடமே திரும்பி வந்தது. பையில் போன் இருந்தது. மகளைக் கூப்பிட்டால் காரை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலை வழியாகக் கம்பத்துக்கு வந்து நின்றுவிடுவாள். ஆனால் கூப்பிட்டால் அதோடு சைக்கிள் போய்விடும். போனைத் தொட்ட கையை எடுத்துவிட்டு, ஏறி மிதித்தாள்.

அவள் யாரையும் துரத்திப் பழகியவள் இல்லை. இருப்பதிலேயே மெதுவாகப் போகிறவருக்குத் தோதாகப் போவதே அவள் தொழிலாக இருந்தது. முதல் ஏற்றத்திலேயே முட்டி இரண்டும் விட்டுப்போகிற மாதிரி வலித்தது. உச்சியில் நின்று பார்த்தபோது எதிர் மேட்டில் மஞ்சள் புள்ளிகள் ஏறிக்கொண்டிருந்தன. அடுத்த உச்சியில் பார்த்தபோது சாலை மட்டும் இருந்தது. வேலியோரம் செடி வெட்டிக்கொண்டிருந்த ஒருவன், கடைசியில் போன பெரியவர் அசத்துகிறார் என்று பாராட்டிச் சொன்னான். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நல்லாத்தான் ஓட்டுவாரு தம்பி, நல்லாத்தான் ஓட்டுவாரு என்று முனகிக்கொண்டே மிதித்தாள்.

மணிக்கூண்டு ஊரில் தெரு முழுக்கக் கல் பாவியிருக்கும், சைக்கிள் எலும்பை உலுக்கும். சதுக்கத்து ரொட்டிக்கடை வாசலில் மஞ்சள் சட்டைகள் வண்டிகளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கேப்டன் இல்லை. தலைவி மாதிரி இருந்த பெண், அந்தத் தாத்தா எங்களோடு வந்தார், சாப்பிடக் கூப்பிட்டோம், சிரித்துக்கொண்டே வாசலில் நின்றார் என்றாள். அப்புறம் தனியாக ஒருத்தர் சைக்கிளில் போனார், அவரோடு கிளம்பிவிட்டார், தெரிந்தவர் போல என்று நினைத்தோம் என்று இறக்கத்தின் பக்கம் கையைக் காட்டினாள்.

வால் மறுபடி சைக்கிளில் ஏறினாள். பிரேக்கைத் தொடாமல் அந்த இறக்கத்தில் இறங்கினாள். கீழே போகப் போக லாரிச் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. எதைப் பார்க்கப் போகிறோமோ என்று பாதியில் கண்ணை மூடிக்கொண்டு, விழுந்துவிடுவோம் என்று திறந்தாள்.

கேப்டன் கம்பங்களுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். நெடுஞ்சாலையின் வெள்ளைக் கோட்டின் மேல், சைக்கிளை இரண்டு கையாலும் பிடித்தபடி. அவர் பிடித்து வந்த சக்கரம் லாரிகளுக்கு நடுவே கலந்து போயிருக்க வேண்டும். ஒவ்வொரு லாரி போகும்போதும் அவர் சட்டை பறந்து அடங்கியது. அவள் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி, அவர் கையைப் பிடித்துக் கம்பத்துக்கு இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தாள்.

அவர் மரியாதையாகக் கையை விடுவித்துக்கொண்டார்.

"நீங்களும் வழி தவறிட்டீங்களா?"

"ஆமா," என்றாள். வேறு என்ன சொல்வாள்? "வீட்டுக்குப் போலாம், வாங்க."

"நீங்க போங்க. நான் வர முடியாது. எங்க கூட்டத்துல வால்னு ஒருத்தி இருக்கா. கடைசியாத்தான் வருவா. அவ வந்ததும் சேர்ந்து போறோம்."

"நான்தாங்க அது. நான்தான் வால்."

அவர் அவள் முகத்தை நன்றாகப் பார்த்தார். கிரீஸ் அப்பிய கையையும் நரைத்த தலையையும் பார்த்தார். மனம் நோகக் கூடாதே என்று மெல்லச் சிரித்தார்.

"இல்லீங்க. அவ சின்னப் பொண்ணு. வந்துடுவா. யாரையும் விட்டுட்டு வர மாட்டா."

அவள் கெஞ்சினாள். மிரட்டினாள். மகள் பெயரைச் சொன்னாள். அவர் தெரு முனையில் கடன்காரரிடம் மாட்டிக்கொண்டவர் மாதிரி நெளிந்தாரே தவிர, நகரவில்லை. பார்வை இறக்கத்தின் மேலேயே இருந்தது. அப்படி அவளுக்காக அவர் காத்திருந்து அவள் பார்த்ததே இல்லை. கூட்டம் நடுவில் இருக்கும், அவர் முகம் எப்போதும் முன்னால் பார்த்தபடி இருக்கும். இத்தனை ஆசையாக எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசியில் அவளுக்கு ஒரே வழிதான் தோன்றியது. அது தோன்றியதற்காகத் தன்னையே வெறுத்தாள். பேசாமல் போய்ச் சைக்கிளை எடுத்து ஏறி, அவர் முன்சக்கரத்தை உரசுகிற மாதிரி மெதுவாகக் கடந்து, ஏற்றத்தில் மிதித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தாள். பிறகு பின்னால் ஷூ பெடலில் ஏறும் சத்தம், கியர் விழும் சத்தம்.

வந்துவிட்டார். யாருக்காகக் காத்துக்கொண்டிருந்தாரோ அவளை விட்டுவிட்டு, முன்னால் போன சக்கரத்தின் பின்னால் வந்துவிட்டார்.

அவள் அழுதுகொண்டேதான் ஓட்டினாள். முன்னால் போகிறவருக்கு முகத்தில் காற்று இவ்வளவு அடிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. நின்று மூச்சு வாங்க முடியாது. நின்றால் அவர் கடந்து போய் வேறு யாரையாவது பிடித்துக்கொள்வார். எதிரே சைக்கிள் வரும்போதெல்லாம் பின்னால் இருக்கும் செயின் சத்தம் தொடர்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டாள். மணிக்கூண்டு, கோட்டைச் சுவர், கல்வாசல் எல்லாம் கடந்தன. வாசலின் நிழலில் போகும்போது அவர் பின்னாலிருந்து, நல்ல வழியாகக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று வாயாரச் சொன்னார். ரோட்டில் பள்ளம் வந்தது. அவள் இடது கையை இடுப்புக்குக் கீழே கொண்டுபோய் விரலால் காட்டினாள்.

வீட்டு வாசலில் நிறுத்தவில்லை. திறந்திருந்த கேட்டுக்குள் அப்படியே ஓட்டிக்கொண்டு போய்க் கொட்டகையில் நின்றாள். அவரும் வந்து நின்றார். அவள் திரும்பி வந்து கேட்டைச் சாத்திப் பூட்டினாள். பிறகு மகளைப் போனில் கூப்பிட்டு, வந்து எடுத்துக்கொண்டு போ என்று மட்டும் சொன்னாள். என்ன ஆச்சு, யாருக்கு என்ன ஆச்சு என்று மகள் பதறினாள். ஒன்றும் ஆகவில்லை, முழுசாகத்தான் இருக்கிறார், வந்து எடுத்துக்கொண்டு போ என்றாள்.

மகள் வருவதற்குள் மனம் மாறிவிடும் என்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும். அதனால் ஸ்பானரை எடுத்துக்கொண்டு அவருடைய சைக்கிளின் முன்சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்தாள்.  நட்டு அசையவில்லை, வண்டிதான் ஆடியது. அவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நடு ரோட்டில் வண்டி மக்கர் பண்ணுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா போக முடிந்ததே இல்லை. பக்கத்தில் வந்து, ஹேண்டிலையும் சீட்டையும் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"யாரு வண்டிங்க இது?"

"எனக்குத் தெரிஞ்சவரு ஒருத்தரோடது."

"நல்லா வச்சிருக்காரு," என்றார். முழங்காலை வண்டிக்கு முட்டுக் கொடுத்து, அது இம்மியும் அசையாதபடி நின்றுகொண்டு சொன்னார்: "ம், பிடிச்சிருக்கேன். நீங்க கழட்டுங்க."