கார்டியலி மேடம்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் மாடி அறையில் கடிதம் டைப் அடிப்பவளுக்குக் கார்டியலி மேடம் என்று பெயர். கீழே பசை ஒட்டும் பகுதியில் யாரோ வைத்த பட்டம், படியேறி வந்து அவள் காதிலேயே விழுந்தது. வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. மேனேஜர் கையெழுத்துப் போடும் எந்த ஆங்கிலக் கடிதத்திலும் 'கார்டியலி', அதாவது 'மனமார' என்ற அந்தச் சொல் இருந்தாக வேண்டும். சரக்கு தாமதமானாலும் கார்டியலி, கழிவறையில் தண்ணீர் ஊற்றச் சொல்லும் அட்டையிலும் கார்டியலி, ஒருவரை வேலையைவிட்டு அனுப்பினாலும் கார்டியலி.

"லெட்டர்னா மனசுலேருந்து வரணும்மா," என்பார் மேனேஜர். "நம்மள யாரும் முரடங்கன்னு சொல்லிடக் கூடாது பாருங்க."

ஏழு வருடமாக அவளும் மனசிலிருந்து அடித்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குக் கட்டர் அக்கா வந்தாள். அட்டை வெட்டும் மெஷினில் பதினோரு வருடம் நின்றவள். மூன்று வாரத்துக்கு முன்பு அதே மெஷின் அவளுடைய வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் பைக்குள் துழாவி ஓர் உறையை எடுத்தாள்.

"மேடம், கம்பெனிலேருந்து லெட்டர் வந்துருக்கு. பேப்பரே எவ்ளோ கெட்டியா இருக்கு பாருங்க. நல்ல சேதிதான்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு. படிச்சுச் சொல்லுங்களேன்."

உறையின் பின்பக்கம் முழுக்கப் பேனாக் கிறுக்கல். ஒரே பெயர், பத்துப் பதினைந்து தடவை, குழந்தை எழுதியதுபோல் கோணல்மாணலாக.

"அது ஒண்ணுமில்ல. கடைசில கையெழுத்துப் போடக் கோடு இருக்குல்ல? இடது கையால போட்டுப் பழகிட்டு இருக்கேன்," என்று கட்டர் அக்கா வெட்கத்தோடு சிரித்தாள்.

கார்டியலி மேடம் உறையை வாங்கினாள். பிரிக்காமலே அவளுக்குக் கடிதம் மனப்பாடம். திங்கட்கிழமை காலை இருபது நிமிடத்தில் அவள் அடித்தது. அடித்து முடித்து, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, வயிறாரச் சாப்பிட்டாள். அது இப்போது நினைவுக்கு வந்தது.

மழுப்பலாக எதையாவது சொல்லி அனுப்பிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதும் கடிதத்தைவிட அதிகமாக அவளே அவளுக்கு நாறினாள். வரி வரியாகத் தமிழில் சொன்னாள்.

"உங்க கவனக்குறைவாலதான் இந்த விபத்து நடந்ததுன்னு மனமாரத் தெரிவிச்சுக்கறோம். அத ஒத்துக்கிட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள கீழ கையெழுத்துப் போடும்படி மனமாரக் கேட்டுக்கறோம். அதுக்கப்புறம் வேலைக்குத் திரும்ப வரத் தேவையில்ல. நீங்க சீக்கிரம் குணமாக மனமார வாழ்த்தறோம்."

கட்டர் அக்கா கடிதத்தை எட்டிப் பார்த்தாள்.

"வெரல வாங்கிக்கிட்டு, வேலையையும் வாங்கிக்கிட்டு, மனமாரவா?" என்றாள். "திட்டியிருந்தாக்கூடத் தேவலையே. எங்க, அந்த வார்த்தை எங்க இருக்கு? காட்டுங்க."

காட்டினாள். கட்டர் அக்கா இடது கைச் சுட்டுவிரலால் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். அடுத்த இரண்டையும் தானே கண்டுபிடித்தாள்.

"எந்தப் புண்ணியவான் எழுதினது?"

"நான்தான்."

கட்டர் அக்கா கையை எடுத்துக்கொண்டாள். முன்னால் வைத்திருந்த டீயைச் சற்றுத் தள்ளி வைத்தாள். அந்த டம்ளர் நகர்ந்த சத்தம் கார்டியலி மேடத்துக்கு அறைந்ததுபோல இருந்தது.

"மெஷின்ல மூடி இருந்துருந்தா வெரல் போயிருக்காது. அது உங்களுக்கும் தெரியும்ல, மேடம்?"

தெரியும். மூடியைக் கழற்றச் சொன்ன உத்தரவையும் அவள்தான் அடித்தாள். வேறு எந்தத் தொழிற்சாலையாக இருந்தாலும் அப்படிப்பட்ட உத்தரவு வாய்வார்த்தையாகப் போயிருக்கும். சூப்பர்வைசர் காதோடு காதாகச் சொல்லியிருப்பார், தடயமே இருக்காது. மேனேஜருக்கு அது மரியாதைக் குறைவு. அவசர ஆர்டர் முடியும்வரை வெட்டும் மெஷின்களின் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவைத்து ஒத்துழைக்குமாறு கார்டியலி வேண்டிக்கொண்டு, கையெழுத்தும் போட்டு, நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னார். விபத்து நடந்த அன்றைக்கே போர்டிலிருந்து அதைக் கிழித்தாயிற்று. அவளுடைய ஃபைலில் ஒரு பிரதி இருப்பது மட்டும் அவருக்கு மறந்துபோனது. இத்தனை பணிவாக எழுதிய தாள் தன் கழுத்தைப் பிடிக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

"கையெழுத்துப் போடாதீங்க அக்கா," என்றாள். "நாளைக்கு ஒரு பேப்பர் தரேன். வெள்ளிக்கிழமை அதோட ஆபீஸுக்கு வாங்க."

"பாவம் பாத்துத் தரீங்களா?"

பாவம் பார்த்தா, தன் வாயில் ஊறும் இந்தக் கசப்பைத் துப்பவா என்று அவளுக்கே விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை கட்டர் அக்கா மாடியேறி வந்து, மேனேஜர் மேஜையில் நோட்டீஸின் நகலை வைத்தாள். தன் கையெழுத்தைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிப்போனது.

"இது எப்படி வெளிய போச்சு?"

"நான்தான் குடுத்தேன் சார்," என்றாள் கார்டியலி மேடம். மேஜையருகிலேயே நின்றாள்.

அவர் அவளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையைப் பிசைந்துகொண்டு, தப்பு நிர்வாகத்துடையது, கை ஆறியதும் வேறு பகுதியில் வேலை உண்டு என்று இரண்டு பிரதி அடிக்கச் சொன்னார். கம்பெனிக்கு ஒன்று, கட்டர் அக்காவுக்கு ஒன்று. "உங்க விஷயத்த அப்புறம் பேசிக்கலாம்," என்றும் சொன்னார். அவள் அடித்தாள். ஏழு வருடத்தில் முதல் தடவையாக அந்தச் சொல் இல்லாத கடிதம். அவர் வாங்கிப் படித்தார். ஏதோ உறுத்தியதுபோல் நெற்றியைச் சுருக்கினார். பிறகு பேனாவை எடுத்து, முதல் வரிக்கு மேலே இடம் பார்த்து, இரண்டிலும் அந்தச் சொல்லைத் தன் கையாலேயே செருகினார்.

"கொஞ்சம் மொட்டையா இருந்துச்சு," என்று சிரித்துக்கொண்டே கடிதத்தை நீட்டினார். "வாங்கிக்கிட்டதுக்கு இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா."

கட்டர் அக்கா கடிதத்தை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனாள். இடது கைச் சுட்டுவிரல் மேலே போய்ச் சரியான இடத்தில் நின்றது.

"இந்த வார்த்தைய அடிங்க சார்."

"அது மரியாதைக்கும்மா..."

"அடிச்சாத்தான் கையெழுத்து."

அவர் கோடு போட்டு அடித்தார். இரண்டு பிரதியிலும் அடித்தார். கட்டர் அக்கா நிதானமாகக் கோணல் எழுத்தில் பெயரை எழுதி, தன் பிரதியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். கார்டியலி மேடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.