வாலில் பார்க்காத கோடு

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் எல்லாம் பறிபோனது. தங்கை மூளை ஆய்வாளர்தான், ஆனால் வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். அன்று சந்தோஷத்தில் வாயை விட்டுவிட்டாள்.

கருவில் நரம்பிழைகளுக்கு வழி காட்டுகிற புரதம் ஒன்று உண்டு. பிறந்த பிறகு அதற்கு வேலையில்லை என்பதே பாடம். வளர்ந்த எலியின் மூளையிலும் அது உழைப்பதை அவள் கண்டிருந்தாள். ஒரு நரம்பணு தூண்டப்படும்போது அது வெளியே கசிகிறது. இரண்டு அணுக்கள் சந்திக்கும் இடத்தில், சேதி வாங்கும் பக்கத்துக்கு இன்னும் சில ஏற்பிகளைக் கூட்டி வருகிறது. அதன் பிறகு அதே சேதி உரக்கக் கேட்கிறது.

அத்தான் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் அதே துறைதான். வேறு ஆய்வகம், பெரிய நாற்காலி. அடுத்த மாநாட்டிலேயே அதைத் தன் யோசனையாக அறிவித்தார்.

சின்னவள் சண்டை போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். யோசனை கைக்கு வந்தாலும் நிரூபிக்க அவள் வளர்த்த எலிகள் வேண்டுமே. ஒருநாள் அத்தானே வந்தார்.

"ஆணாவே குடு சின்னவளே. ஒண்ணு இருந்தா நாலு கூண்டுக்குப் போடலாம், சீக்கிரம் பெருகும்."

"ஆண்தான் வேணுமா அத்தான்?"

"எலி வளர்க்க எனக்குப் பாடம் எடுக்கப் போறியா? கவலைப்படாதே, நன்றி சொல்ற இடத்துல உன் பேரைப் போட்டுடறேன்."

"பெரிய மனசு உங்களுக்கு" என்றாள். கூண்டைத் துணி போட்டு மூடி, அவர் காரில் அவளே ஏற்றிவைத்தாள்.

அந்த எலிகளின் உடலில் ஒரு கத்தரி மரபணு இருக்கிறது. எலி வளர்ந்த பிறகு மூளையில் மட்டும் அது விழித்து, வழிகாட்டிப் புரதத்தின் மரபணுவை வெட்ட வேண்டும். அதைக் குட்டிகளுக்குத் தாய் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். தகப்பன் வழியாகக் கொடுத்தால் விந்திலேயே விழித்துக்கொள்ளும். தகப்பன் தரும் பிரதி அப்போதே வெட்டுப்பட்டு, குட்டி கருவிலிருந்தே பாதிப் புரதத்தோடு வளரும். பிறகு சேதி மங்கினால், அது இன்றைய குறையா, கருவிலேயே பாதை பிசகியதா என்று யாராலும் சொல்ல முடியாது. சின்னவள் இதைக் கற்றுக்கொள்வதற்குள் ஒரு கூட்டம் எலிகளே வீணாகியிருந்தன.

அந்த ஆண்களின் குட்டிகளை வைத்து அத்தான் ஆய்வை முடித்தார். அதைச் சொல்லும் உரைக்கு அரங்கம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் அக்கா. கைதட்டல் அடங்கும்வரை பொறுத்திருந்து சின்னவள் எழுந்தாள்.

"கத்தரி மரபணு எந்தப் பக்கத்திலிருந்து வந்துச்சு சார்? அப்பாவா, அம்மாவா?"

"அப்பா. அதனால என்ன?"

"வால் துணுக்கைச் சோதிச்ச படத்துல, வெட்டுப்பட்ட மரபணுவோட கோடு தெரியுதான்னு பார்த்தீங்களா? வால்ல மூளை கிடையாதே. அங்கேயும் வெட்டு இருந்தா, கருவிலேயே வெட்டியாச்சுன்னு அர்த்தம்."

கத்தரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தவர் அவர். தண்ணீர்க் குவளையைத் தேடினார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவள் வயிற்றில் பால் வார்த்தது.

உடனே கூட்டத் தலைவர் எழுந்து, "அப்போ பழைய பாடமே சரிதான் போல" என்று முடித்துவைத்தார். அரங்கம் தலையாட்டியது. அவளுக்குச் சுருக்கென்றது. அத்தானோடு சேர்த்துத் தன் புரதத்தையும் அல்லவா புதைத்திருக்கிறாள்? இனி அவள் சொன்னாலும் இரண்டு மடங்கு சந்தேகப்படுவார்கள்.

வெளி வராந்தாவில் அக்கா கையைப் பிடித்தாள். "சபையில வெச்சு மானத்தை வாங்கணுமாடி? வீட்ல சொல்லியிருக்கலாமே."

"வீட்ல சொன்னதாலதான்க்கா இவ்வளவும்."

பின்னால் வந்த அத்தான் முகம் வெளுத்திருந்தது. "உனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரியும். பாடம் எடுக்க வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

நேராக எலி அறைக்குப் போய்க் கையுறை மாட்டிக்கொண்டாள். கத்தரி இல்லாத ஆண் இருந்த கூண்டைத் திறந்து, கத்தரி உள்ள பெண்ணை உள்ளே விட்டாள். முதலிலிருந்து எல்லாம் செய்தாக வேண்டும், செய்வாள். அது முடிகிற நாளில் முன்வரிசையில் ஒரு நாற்காலி பிடித்து வைப்பாள், அத்தானுக்கு.